கணக்கு கைமாறிவிட்டதா? கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின், ஆன்லைன் விண்ணப்பம், பஸ் டிக்கெட், இதுதான் தொழில். கொஞ்ச காலமாக இன்னொரு வேலையும் கேட்காமலே வந்து சேர்ந்திருக்கிறது. போனைக் கையில் பிடித்தபடி யாராவது வந்து நிற்பார்கள். "பாஸ்வேர்டை மாத்திட்டேன், இருந்தாலும் அவன் உள்ள வந்துகிட்டே இருக்கான்" என்பார்கள்.

பாஸ்வேர்டு மாற்றுவது தப்பில்லை. எப்போது, எந்தப் போனிலிருந்து மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வேவு பார்க்கும் செயலி ஏறிய போனிலேயே புது பாஸ்வேர்டை அடித்தால், அதையும் அவன் பார்த்துக்கொண்டிருப்பான். மின்னஞ்சல் அவன் கையில் இருக்கும்போது பேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினால், "மறந்துவிட்டேன்" என்று ஒரு தட்டு தட்டி அவனும் மாற்றிக்கொள்வான். அதனால் நான் எப்போதும் முதலில் போன் சுத்தமா என்று பார்ப்பேன். அடுத்து மின்னஞ்சல், பிறகு மற்ற கணக்குகள். அவன் எந்த வழியாக உள்ளே நிற்கிறான் என்று தெரிந்த பிறகுதான் பூட்டை மாற்றுவது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். பணம் போயிருந்தால் மட்டும் யோசிக்காமல் இந்த முதல் தலைப்பு.

"கணக்கில் இருந்த காசைக் காணோம்"

உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், இணைய மோசடிப் புகாருக்கான அரசு எண் அது. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் அரை மணி நேரம் காத்திருக்கும், பணம் காத்திருக்காது. இந்த எண்ணில் புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அங்கே தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் கிடந்தால் எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பார்கள். திருடுபவன் அதை அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று தள்ளிக்கொண்டே போவான். கடைசியில் முகம் தெரியாத ஊரில் ஏதோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு.

கூப்பிடும்போது எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, எந்த வங்கிக் கணக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். யூபிஐ என்றால் செயலியின் ஹிஸ்டரியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறங்கள். யூடிஆர் என்று 12 இலக்க எண் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். லைன் பிஸியாக இருந்தால் வேறு போனிலிருந்து மறுபடி முயலுங்கள், இடையில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்யத் தொடங்குங்கள். பதிவானதும் வரும் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து வங்கி. கார்டின் பின்பக்கமோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் கூப்பிட்டு, கார்டு, யூபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி எடுத்தால், அங்கே போனை எடுப்பவனே அடுத்த திருடனாக இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு முறை ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கியிடம் எழுத்தாகவும் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குக் கைகொடுக்கும். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஓரளவு பொறுப்பு. ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். ஆகையால் வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு. வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

"என் வாட்ஸ்அப்பிலிருந்து எல்லாரிடமும் காசு கேட்கிறார்கள்"

இரண்டு கடை தள்ளி மளிகை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு காலையில் வந்து நின்றார். "தம்பி, வாட்ஸ்அப் என்னய வெளிய தள்ளிட்டு. என்னன்னு பாருங்க." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனில் அவர் பெயரில் ஒரு மெசேஜ்: "வணக்கம் சார், அவசரமாக 15,000 ரூபாய் தேவைப்படுகிறது, மாலைக்குள் திருப்பித் தருகிறேன்." அண்ணாச்சி என்னை ஒருநாளும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஒரு வரி எழுதியதும் இல்லை. காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படம், மற்றதெல்லாம் குரல் பதிவு. அந்த ஒரு "சார்" போதுமாக இருந்தது எனக்கு. அவர் மைத்துனருக்கு அது போதவில்லை, 8,000 அனுப்பிவிட்டார்.

இது மூன்று விதமாக நடக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு.

நீங்கள் வெளியே தள்ளப்பட்டிருந்தால், உங்கள் எண்ணை வேறு போனில் பதிவு செய்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரி, சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியின் எண்ணிலிருந்து "தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க கோடு வந்திருக்கும், அதை அனுப்புங்க" என்று வந்திருக்கிறது. தெரிந்த மனிதர்தானே என்று அனுப்பிவிட்டார். அந்த வியாபாரியின் கணக்கும் ஏற்கெனவே பறிபோனதுதான். இதற்கு நேர் வழி: வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணைக் கொடுத்து மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கக் குறியீடு வரும். அதைப் போட்ட நொடியே அவன் வெளியே போய்விடுவான். சிம் உங்கள் கையில் இருக்கும் வரை இந்தச் சண்டையில் உங்கள் பக்கமே பலம் அதிகம்.

குறியீடு போட்ட பிறகு, நீங்கள் வைக்காத ஒரு பின்னைக் கேட்டால் பயப்படாதீர்கள். அவன் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பின் தெரியாவிட்டால் 7 நாள் காத்திருந்து உள்ளே போகலாம். அந்த 7 நாளும் உங்களுக்கு வாட்ஸ்அப் இல்லைதான். ஆறு இலக்கம் போட்டபோதே வெளியேறிவிட்டதால் அவனுக்கும் இல்லை. "பல முறை முயன்றுவிட்டீர்கள், காத்திருங்கள்" என்று கடிகாரம் ஓடினால் அது முடியும் வரை தொடாதீர்கள். தட்டத் தட்ட நேரம் கூடும்.

குறியீட்டைக் குரல் அழைப்பில் கேட்டும் வரவில்லை என்றால் அழைப்புத் திருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். டயல் செய்யும் இடத்தில் *#21# போட்டால் உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகின்றனவா என்று காட்டும். ##002# எல்லாத் திருப்பங்களையும் ரத்து செய்யும். "கூரியர் பையன் வழி தெரியாம நிக்கிறான், ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க" என்று யாராவது சொன்னது நினைவுக்கு வருகிறதா? அப்படியானால் இதுதான் அவர்கள் செய்த வேலை. குறியீட்டைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது விதம்: நீங்கள் வெளியே தள்ளப்படவே இல்லை, உங்கள் போனில் எல்லாம் சாதாரணமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் எழுதாத மெசேஜ்கள் போகின்றன. மூன்று புள்ளியைத் தட்டி "லிங்க்டு டிவைசஸ்" பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று அங்கே நிற்கும். தட்டி லாக் அவுட் செய்யுங்கள். "உங்க போட்டோ இதுல இருக்கு பாருங்க" என்ற லிங்க்கைத் திறந்து, எண்ணைக் கொடுத்து, அது காட்டிய எட்டு எழுத்துக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் போட்டிருப்பீர்கள். முதல் விதத்தைவிட இது மோசம் என்பது என் எண்ணம். முதலாவதில் பழைய உரையாடல்கள் அவனுக்குக் கிடைக்காது, அவை உங்கள் போனிலேயே இருக்கும். இதில் சேர்ந்திருந்து வாசிக்கிறான், நீங்கள் கவனிக்கும் வரை.

மூன்றாவது, பறிபோகவே இல்லை: உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து வேறு எண்ணில் ஒருவன் நடிக்கிறான். மாற்ற எதுவும் இல்லை. அந்த எண்ணைப் புகார் செய்யச் சொல்லுங்கள், எல்லாருக்கும் சொல்லிவையுங்கள், உங்கள் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

எந்த விதமானாலும், மீட்டதும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஒரு மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். ஊருக்குத் தகவல் சொல்வதைப் போனிலேயே செய்யுங்கள். அதே வாட்ஸ்அப்பில் "என் கணக்கு ஹேக் ஆகிவிட்டது" என்று போட்டால் யார் எழுதியது என்று யாருக்குத் தெரியும்? அண்ணாச்சி கடை வாசலில் சிலேட்டில் எழுதி வைத்தார். விலைப்பட்டியலுக்குக் கீழே, துவரம்பருப்புக்கு அடுத்த வரி.

"ஜிமெயிலுக்குள் போக முடிகிறது, ஆனால் ஏதோ சரியில்லை"

இந்த அறிகுறியில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். வெளியே தள்ளப்பட்டவனுக்கு உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் பங்கு போட்டுக்கொண்டு ஒருவன் உள்ளே இருப்பது மாதக்கணக்கில் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அதன் கணக்குப்பிள்ளை வந்து, வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் "உங்க புது பேங்க் அக்கவுண்டுக்கே பணம் போட்டாச்சே" என்கிறார், நாங்கள் எந்தப் புதுக் கணக்கும் திறக்கவில்லையே என்றார். பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றியிருந்தார். மூன்று முறையும் பயன் இல்லை. அவருடைய ஜிமெயிலை என் கம்ப்யூட்டரில் திறந்து செட்டிங்ஸில் "ஃபில்டர்ஸ்" பக்கத்துக்குப் போனேன். ஒரே ஒரு ஃபில்டர். "இன்வாய்ஸ்" அல்லது "பேமென்ட்" என்ற சொல் வரும் எந்த மெயிலும் இன்பாக்ஸுக்கு வராமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, அடையாளம் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் கேட்ட சந்தேகங்கள் எல்லாம் அவனுக்குத்தான் போயின. தனக்கு வேண்டிய மெயில் தானாக வந்து சேரும்போது பாஸ்வேர்டு அவனுக்கு எதற்கு?

இந்தப் பக்கம் ஜிமெயில் செயலியில் தெரியாது. கம்ப்யூட்டரிலோ, போனில் பிரவுசரை "டெஸ்க்டாப் சைட்" என்று மாற்றியோ திறக்க வேண்டும். அங்கே பார்க்க வேண்டிய இடங்கள்: ஃபில்டர்ஸ் பக்கம், அடுத்து "ஃபார்வர்டிங்" பக்கம், எல்லா மெயிலும் எங்காவது நகல் போகிறதா என்று, பிறகு "அக்கவுண்ட்ஸ்" பக்கத்தில், உங்கள் கணக்கைத் திறக்க வேறு யாருக்காவது அனுமதி இருக்கிறதா என்று. கம்ப்யூட்டரில் இன்பாக்ஸின் அடியில் சின்ன எழுத்தில் "டீடெய்ல்ஸ்" என்று இருக்கும். தட்டினால் கடைசியாக எந்த இடத்திலிருந்து, எந்தக் கருவியில் கணக்கு திறக்கப்பட்டது என்று பட்டியல் வரும்.

அப்புறம் கூகுள் கணக்கின் "செக்யூரிட்டி" பக்கம். மீட்பு மின்னஞ்சலும் மீட்பு எண்ணும் உங்களுடையதுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ஒரு எழுத்து மாற்றி உங்கள் மின்னஞ்சலைப் போலவே ஒன்றை அவன் போட்டிருக்கலாம். "யுவர் டிவைசஸ்" பட்டியலில் தெரியாததை வெளியேற்றுங்கள். மூன்றாம் தரப்புச் செயலிகளின் அனுமதியையும் பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றினால் பெரும்பாலான கருவிகள் வெளியேறிவிடும், ஆனால் நீங்கள் அனுமதி கொடுத்த செயலிகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆப் பாஸ்வேர்டு, அதாவது வேறொரு செயலி உள்ளே நுழையத் தனியாகக் கொடுக்கும் பாஸ்வேர்டு, ஏதாவது உருவாக்கப்பட்டிருந்தால் அழியுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பாஸ்வேர்டு. அதற்குப் பிறகு போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் பழைய பேக்கப் கோடுகளை ரத்து செய்து புதிதாக எடுத்து அச்சிட்டு பீரோவில் வையுங்கள்.

தீப்பெட்டி ஆபீஸில் இப்போது ஒரு வழக்கம். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று யாரிடமிருந்து மெயில் வந்தாலும், ஏற்கெனவே டைரியில் இருக்கும் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் பணம் போகும். மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, அதையும் அவன்தான் போட்டிருப்பான்.

"ஜிமெயிலுக்குள் போகவே முடியவில்லை"

கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில்தான் எல்லாம். எப்போதும் பயன்படுத்தும் போன், எப்போதும் இருக்கும் வீட்டு வைஃபை, வழக்கமான பிரவுசர், இவற்றிலிருந்து முயலுங்கள். என் கடைக்கு ஓடி வந்து என் கம்ப்யூட்டரில் முயல்வது பெரும்பாலும் கெடுதல். கூகுளுக்கு நீங்களும் இன்னொரு அந்நியராகத் தெரிவீர்கள். வருபவர்களைத் திருப்பி வீட்டுக்கு அனுப்புவதே நான் செய்யும் உதவி. கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால், பழசாக இருந்தாலும் போடுங்கள்.

சீக்கிரம் செய்யுங்கள். மீட்பு எண்ணை அவன் மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் தரலாம். அது கடந்துவிட்டால் பாதை குறுகிவிடும்.

"பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருகிறேன்" என்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு கதவு வெளியாட்களுக்குக் கூகுளில் இல்லை.

"பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போய்விட்டது"

மின்னஞ்சல் சுத்தமான பிறகுதான் இதற்கு வாருங்கள். இரண்டுக்கும் தனிப் பக்கம் உண்டு: பேஸ்புக் டாட் காம் என்று அடித்து சாய்கோடு போட்டு "ஹேக்டு" என்பதை ஆங்கிலத்தில் சேருங்கள், இன்ஸ்டாகிராமுக்கும் அதே மாதிரி. இன்ஸ்டாகிராம் மின்னஞ்சலை அவன் மாற்றியிருந்தால், உங்கள் பழைய மின்னஞ்சலுக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்கும், அதிலேயே மாற்றத்தைத் திருப்பும் வழி இருக்கும். குப்பைப் பெட்டியிலும் தேடுங்கள். மீட்டதும் நீங்கள் நடத்தும் பக்கங்களில் புதிதாக யாராவது அட்மினாக ஏறியிருக்கிறார்களா, விளம்பரத்துக்கு உங்கள் கார்டில் பணம் போகிறதா என்று பாருங்கள்.

யூடியூப் சேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் "ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்தம்" என்று வந்த கோப்பைத் திறந்தார். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தும் சேனல் போனது. பாஸ்வேர்டை அவர்கள் திருடவில்லை. பிரவுசர் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்த நிலையையே, அந்தக் குக்கீயையே, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கிராக் செய்த எடிட்டிங் மென்பொருளும் இதே வேலையைச் செய்யக்கூடும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யாமல், அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடாமல், அதில் எந்தக் கணக்கையும் திறக்காதீர்கள்.

"போக்குவரத்து அபராதம் என்று வந்த கோப்பை நிறுவிவிட்டேன்"

ஏபிகே என்று முடியும் கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு. அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்று பெயர் மாறும், சரக்கு ஒன்றுதான்: எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்டு, உங்கள் ஓடிபியை அவனுக்கு அனுப்பும். கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ் அனுமதி என்று யாரும் கேட்பதில்லை, கல்யாண அவசரத்தில்.

உடனே ஏரோபிளேன் மோட். வைஃபையும் அணைந்ததா பாருங்கள். அடுத்த வேலை எல்லாம் வீட்டில் இருக்கும் வேறு போனில்: வங்கிக்குக் கூப்பிட்டு யூபிஐயும் நெட்பேங்கிங்கும் நிறுத்துங்கள், பணம் போயிருந்தால் 1930. வந்த மெசேஜையும் அனுப்பிய எண்ணையும் படம் எடுத்து வையுங்கள், புகாருக்கு வேண்டும்.

பிறகு அந்தப் போனுக்கு வாருங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியல் முழுவதையும் பாருங்கள், ஐகான் இல்லாமல் ஒளிந்திருக்கும். "அன்இன்ஸ்டால்" மங்கலாக இருந்தால், செட்டிங்ஸ் தேடலில் "டிவைஸ் அட்மின்" என்று தேடி அங்கே அதன் அதிகாரத்தை எடுத்துவிட்டு வந்து நீக்குங்கள். "ஆக்சஸிபிலிட்டி" பகுதியிலும் அதன் பெயர் இருந்தால் அணையுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், போட்டோக்களை மட்டும் எடுத்துவிட்டுப் போனை முழுதாக ரீசெட் செய்வதே மேல். பாதி நீக்கிய செயலியை நம்பி வங்கி பாஸ்வேர்டு அடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

"போனில் திடீரென்று சிக்னலே இல்லை"

வீட்டில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்கு சிக்னல் இருக்கிறதா? அவருக்கும் இல்லை என்றால் டவர் பிரச்சினை, போய்த் தூங்குங்கள். அவருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை, ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை என்றால், உங்கள் எண்ணில் யாரோ டூப்ளிகேட் சிம்மோ இ-சிம்மோ எடுத்திருக்கலாம். வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்துக்குக் கூப்பிட்டு எண்ணை முடக்குங்கள், பிறகு வங்கி. சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கும் கட்டுப்பாடு இங்கே இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான், காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். மறுநாள் அடையாள அட்டையோடு நேரில் போய் எண்ணைத் திரும்ப வாங்குங்கள்.

உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாத சிம்கள் இருக்கின்றனவா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாததை "என்னுடையது அல்ல" என்று அங்கேயே சொல்லலாம்.

"நான் கேட்காமலே ஓடிபி வருகிறது"

எண்ணை மட்டும் போட்டு உள்ளே போகும் சேவை என்றால், யாரோ உங்கள் எண்ணை அடித்திருக்கிறார்கள், சில நேரம் தவறுதலாகவே. யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஆனால் பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் ஓடிபி கேட்கும் சேவை என்றால் கதை வேறு: முதல் பூட்டு ஏற்கெனவே திறந்துவிட்டது. அந்தப் பாஸ்வேர்டையும், அதையே போட்டிருக்கும் மற்ற இடங்களையும் அன்றைக்கே மாற்றுங்கள்.

"லிங்க்கைத் தட்டிவிட்டேன், வேறு ஒன்றும் செய்யவில்லை"

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. திறந்த பக்கத்தில் என்ன அடித்தீர்கள், என்ன நிறுவினீர்கள் என்பதுதான் கணக்கு. பாஸ்வேர்டு அடித்திருந்தால் உண்மையான தளத்தில் மாற்றுங்கள். கார்டு விவரம் கொடுத்திருந்தால் கார்டை முடக்குங்கள். பெயரும் முகவரியும் மட்டும் என்றால், அடுத்த வாரம் உங்கள் பெயரைச் சொல்லியே ஒருவன் போன் செய்வான், எதிர்பார்த்திருங்கள்.

எனக்கும் நடந்தது. டோனர் ஆர்டர் செய்து காத்திருந்த நாளில், முகவரி முழுமையாக இல்லை, 25 ரூபாய் கட்டினால் பார்சல் வரும் என்று ஒரு எஸ்எம்எஸ். இருபத்தைந்து ரூபாய்க்கு யார் ஏமாற்றுவார்கள் என்று நானும் திறந்தேன். பக்கம் அசல் போலவே இருந்தது. முகவரியை அடித்து முடித்த பிறகு எதற்கோ ஒரு சந்தேகம், பின்கோடு இடத்தில் ஆறு ஒன்பதைப் போட்டேன். பச்சை டிக் போட்டு "முகவரி சரிபார்க்கப்பட்டது" என்றது. 999999 என்று ஊர் எங்கே இருக்கிறது? அடுத்த பக்கத்தில் கார்டு எண் கேட்டது, மூடிவிட்டேன். அவர்களுக்கு வேண்டியது 25 ரூபாய் அல்ல, கார்டு எண்ணும் அதன் பின்னால் வரும் ஓடிபியும்.

பின்கோடு சோதனையை எல்லா இடத்திலும் செய்துகொண்டிருக்க முடியாது. தளத்தின் முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் வீட்டுக்காரன் பெயர், அதற்கு இடப்பக்கம் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியது நமக்கு நல்லதாகப் போயிற்று. எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் சரி. எஸ்பிஐ டாட் பேங்க்-இன் டாட் காம் என்றால், நடுவில் இருப்பது புள்ளி அல்ல, கோடு, வீட்டுக்காரன் வேறு. பூட்டுப் படம் இருப்பதை நம்பாதீர்கள், திருடனும் அதை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டை பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால் அதுவே ஒரு காவல்காரன்: எப்போதும் தானாக நிரப்பும் இடத்தில் இன்று நிரப்பவில்லை என்றால், கையால் அடிக்காதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

எஸ்எம்எஸ் என்றால், வங்கியோ அரசோ பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பாது. எழுத்துகளாலான பெயரில் வரும். 2025 மே முதல் அதன் முடிவில் ஒரு ஆங்கில எழுத்து: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று செல்போன் எண்ணிலிருந்து வந்தால் அழித்துவிட்டு, மின்வாரியத்தின் செயலியில் பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். போன் அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்களை வங்கிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கிளை ஊழியர் தன் செல்லிலிருந்தே கூப்பிடுவதும் நம் ஊரில் நடக்கிறது. "வைங்க, நானே பிராஞ்சுக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான ஊழியர் கோபப்பட மாட்டார். யூபிஐ பின் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வர பின் போடச் சொல்லும் எவனும் திருடன்.

அண்ணாச்சியின் கல்லாப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிக்கொடுத்திருக்கிறேன். 1930, வங்கியின் எண், சிம் நிறுவனத்தின் எண். போனில் சேமித்து என்ன பயன், பறிபோவதே அந்தப் போன்தானே. மைத்துனரின் 8,000 அவர் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டதால் எங்கோ ஒரு வங்கியில் நின்றுபோயிருக்கிறது. நிறுத்திவைத்த பணம் கைக்கு வர அவரிடம் நீதிமன்ற உத்தரவு கேட்டிருக்கிறார்கள். அந்த மனுவின் ஜெராக்ஸ் மூன்று செட் நேற்றுதான் என் கடையில் எடுத்துக்கொண்டு போனார்.